தில்லிக் களப்பணி: பேட்டிப் பதிவுகளை எப்படிப் பாதுகாப்பது?

முனிர்க்காவாசி:
முனைவர் பட்ட ஆய்வு. ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்ட பின், மாற்று வீடு கிடைத்து நகரின் வடகோடி நரேலாவுக்குப் போனவர்கள், வீடு கிடைக்காதவர்கள், உள்ளூர்க் கட்சிக்காரர்கள் எல்லோரிடமும் ஓட்டு அரசியல் பற்றிப் பேட்டி எடுக்க வேண்டும். பல்கலைக்கழகப் படிவத்தில் 'விவரங்கள் முழு ரகசியமாக இருக்கும்' என்று போட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்கிறார்கள். பதிவுக்கு போனே போதுமா?

தரவுப்பெட்டி:
முதலில் அந்த வரியை அடியுங்கள். வக்கீலிடம் சொன்னதற்கு நம் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளரிடம் சொன்னதற்கு இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 94ஆம் பிரிவில் சம்மன் வந்தால் பதிவுகளைக் கேட்கலாம். 'சாகும்வரை வெளியே போகாது' என்று சொல்லி பாஸ்டன் கல்லூரி எடுத்த வட அயர்லாந்துப் பேட்டிகளுக்கு 2011இல் சம்மன் வந்தது. வழக்காடியும் ஒரு பகுதியைக் கொடுக்க நேர்ந்தது. 'சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு' என்று மாற்றுங்கள்.

கையெழுத்தும் வேண்டாம். அந்தப் படிவக் கட்டே ஒரு பெயர்ப்பட்டியல். வாய்மொழி ஒப்புதலுக்கு நெறிமுறைக் குழுவிடம் கேளுங்கள்: படித்துக் காட்டப்போகும் வாசகம், கையெழுத்து ஏன் ஆபத்து என்று அரைப் பக்கம், குறியீட்டு எண்ணும் தேதியும் மட்டும் உள்ள தாள். அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் களத்தில் இறங்காதீர்கள். நாளைக்குப் புகார் வந்தால் நெறியாளர் கைவிரிக்காமல் இருக்க அதுதான் பிடிமானம்.

பூட்டுசாவி:
போன் வேண்டாம், பதிவு தானாக கிளவுடில் ஏறிவிடலாம். இணையமே இல்லாத வாய்ஸ் ரெக்கார்டர் வாங்குங்கள். அன்றிரவே வெராகிரிப்ட் என்ற மென்பொருளில் கடவுச்சொல் போட்டுச் செய்த குறியாக்கப் பெட்டகத்துக்கு மாற்றி, கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். லேப்டாப்பை முதல் பேட்டிக்கு முன்பே, விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரில் பூட்டிவிட வேண்டும். லேப்டாப்பின் எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தில் அழித்த கோப்பின் மிச்சம் தங்கும். பிறகு பூட்டுவது அரைகுறைதான். பூட்டைத் திறக்க உதவும் மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் கவனிப்பதில்லை. பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் தாள் அந்த லேப்டாப்பில் இருக்கவே கூடாது. இலவச டிரான்ஸ்கிரிப்ட் தளங்களில் ஆடியோவை ஏற்றினால் இவ்வளவும் வீண்.

கருவியைப் பறிமுதல் செய்தால் அங்கேயே ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண், ஒரு எழுத்து மாறினாலும் இதுவும் மாறும்) எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிறகு உள்ளே ஏதாவது மாறியிருந்தால் அது இல்லாமல் காட்டுவது கடினம். பறிமுதலுக்கு நெறிமுறை கேட்டு ராம் ராமஸ்வாமி உள்ளிட்ட 5 கல்வியாளர்கள் 2021இல் உச்ச நீதிமன்றம் போனதும் இதற்காகத்தான்.

கத்திரி:
பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடமாட்டார். 'பாரபுல்லா நாலா ஓரம் இட்லிக்கடை போட்டிருந்த முன்னாள் பூத் ஏஜென்ட்' என்றால் கேம்ப் முழுக்கச் சொல்லிவிடும் யாரென்று. ஐந்து பேருக்காவது பொருந்தாத வர்ணனையை வெட்டுங்கள். ஊர், தொழில், பொறுப்பு மூன்றும் ஒரே பத்தியில் வரக்கூடாது.

எல்லாக் கட்சிக்காரருக்கும் ஒரே கேள்வித்தாள். அதை ஆய்வுத் திட்டங்களைப் பதிந்துவைக்கும் ஓ.எஸ்.எஃப். தளத்தில் முன்கூட்டியே பதிந்தால் தேதி முத்திரை கிடைக்கும், 4 ஆண்டு வரை பொதுவில் காட்டாமலும் வைக்கலாம். 'முடிவை வைத்துக்கொண்டு கேள்வி செய்தார்' என்ற குற்றச்சாட்டுக்கு அது பதில்.

முனிர்க்காவாசி:
நன்றி. 2023 தனிநபர் தரவுச் சட்டம் குறுக்கே வருமா?

தரவுப்பெட்டி:
அதன் 17(2)(b) பிரிவு ஆய்வுக்கு விலக்கு தருகிறது. ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. வீடு கிடைக்காதவர் பட்டியலை உதவி செய்யும் நோக்கத்தில் ஏதாவது தொண்டு நிறுவனத்துக்கு நீட்டினால் அந்த விலக்கு கைநழுவலாம். அந்த நிறுவனம் தனியாக, சம்மதம் வாங்கியே விவரம் எடுக்கட்டும்.