கன்ட்ரோலரில் 25, கஸ்டமர் ரெஞ்சில் 19: டார்க் எங்கே போகிறது?

அம்பத்தூர் லைன்:
வணக்கம் நண்பர்களே. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் அசெம்பிளி லைன் பார்க்கிறேன். பம்ப் பாடி மேல் ஒரு கவர், நடுவில் ரப்பர் கேஸ்கெட், சுற்றி ஆறு போல்ட். எம்8 (8 மில்லிமீட்டர் போல்ட்), 8.8 வலிமை கிரேடு, டிராயிங்கில் டார்க், அதாவது முறுக்கு விசை, 25 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. முன்பு ஏர் கன்னில் முடுக்கிவிட்டு கிளிக் ரெஞ்சில் ஒரு தடவை தட்டிப் பார்ப்போம். நாலு மாதம் முன்பு கன்ட்ரோலரோடு வருகிற, உள்ளேயே டிரான்ஸ்டியூசர் (டார்க்கை அளக்கும் சென்சார்) உள்ள எலக்ட்ரிக் கன் வாங்கினார்கள். அதிலிருந்து ஸ்கிரீனில் எல்லாம் பச்சைதான், 24.6 முதல் 25.3 வரைக்குள் நிற்கிறது.

போன வாரம் கஸ்டமர் குவாலிட்டி ஆள் வந்து டிஜிட்டல் ரெஞ்ச் போட்டுப் பார்த்தார். சில போல்ட் 19, சிலது 21. லாட்டை அப்படியே நிறுத்திவிட்டார். கன் பொய் சொல்கிறது, கேலிப்ரேஷன் (அளவுத் துல்லியம்) போய்விட்டது என்கிறார். கேலிப்ரேஷன் சர்டிபிகேட் இன்னும் எட்டு மாதம் செல்லும். முதலாளி என்னைத்தான் கேட்கிறார். செட்டிங்கை 30க்கு ஏற்றிவிட்டால் 25 வந்துவிடும் என்று சூப்பர்வைசர் சொல்கிறார், எனக்கு அது பயமாக இருக்கிறது. எது சரி? இன்னொன்று, பக்கத்து ஸ்டேஷனுக்கு டிரான்ஸ்டியூசர் இல்லாத, மோட்டார் கரண்ட்டை வைத்தே டார்க் கணக்குப் போடும் பேட்டரி கன் பாதி விலையில் கிடைக்கிறது. அது போதுமா?

கிண்டி கேலிப்ரேஷன்:
தம்பி, முதலில் 30க்கு ஏற்றாதே. கன்னும் பொய் சொல்லவில்லை, அவர் ரெஞ்சும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு விஷயத்தை அளக்கின்றன.

கன் காட்டுவது போல்ட் சுற்றிக்கொண்டிருக்கும்போது வந்த உச்ச டார்க். அவர் பார்ப்பது, முடுக்கி முடித்து நின்றுபோன போல்ட்டை மறுபடி அசைக்க எவ்வளவு தேவை என்பது. நடுவில் கேஸ்கெட் அமுங்கியிருக்கும், பெயின்ட் இருந்தால் அதுவும் நசுங்கியிருக்கும், இறுக்கம் கொஞ்சம் விட்டிருக்கும். இரும்போடு இரும்பு சேர்கிற இடத்தில் போல்ட் உட்கார்ந்த பிறகு 30 டிகிரிக்குள் முழு டார்க் வந்துவிடும், அங்கே இந்த வித்தியாசம் சின்னது. உன்னுடையது ரப்பர் கேஸ்கெட். இங்கே ஒரு சுற்றுகூடப் போகும். அந்த மாதிரி ஜாயின்ட்டில் இரண்டு எண்ணும் ஒத்துப்போகாதது சகஜம்.

அப்புறம் அவர் எப்படி அளந்தார் என்று கேள். கழற்றும் பக்கம் திருப்பிப் பார்த்தாரா? அப்படியானால் குறைவாகத்தான் வரும். போடுகிற டார்க்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலும், 40 சதவீதம் மரையில் உராய்விலும் போய்விடுகிறது. மீதி பத்து சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. கழற்றும்போது அந்தப் பத்து நமக்கு உதவியாக வருவதால், ஒன்றும் தளராமலே 25 போட்ட போல்ட் 20ல் கழன்று வரும். முடுக்கும் பக்கமே, மெதுவாக, போல்ட் அசையத் தொடங்குகிற இடத்தில் எண்ணை எடுக்க வேண்டும். தலையிலும் கவரிலும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அசைந்தது கண்ணுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்: குறைவாக வந்தவை எந்தெந்த போல்ட்?

அம்பத்தூர் லைன்:
முடுக்கும் பக்கம்தான் பார்த்தார் சார், நான் கூடவே நின்றேன். நீங்கள் கேட்ட பிறகு இன்று பத்து பீஸ் எடுத்துப் பார்த்தேன். முதலில் போடுகிற போல்ட்தான் மோசம், 19 பக்கம். நடுவில் உள்ளவை 21, 22. கடைசி ஆறாவது போல்ட் எல்லாப் பீஸிலும் 24. நாங்கள் கடிகாரச் சுற்றாக வரிசையாகப் போடுகிறோம்.

ஒரகடம் ப்ராசஸ்:
விடை உங்கள் கையிலேயே இருக்கிறது ப்ரோ. கன்னில் கோளாறு என்றால் ஆறு போல்ட்டும் சேர்ந்துதான் குறையும். முதல் போல்ட்டை 25ல் இறுக்கும்போது பக்கத்தில் யாரும் பிடிக்கவில்லை. இரண்டாவது போல்ட் வந்து கவரை அமுக்கினதும் முதலாவதுக்கு அடியில் கேஸ்கெட் இன்னும் இறங்குகிறது, அதன் பிடி விட்டுவிடுகிறது. கடைசியில் ஆறாவது வந்து மறுபக்கமும் அமுக்குகிறது. அதனால்தான் ஒன்றாவது போல்ட் இரண்டு தடவை அடி வாங்குகிறது, ஆறாவது வாங்குவதே இல்லை.

எதிரெதிராகப் போடுங்கள், ஒன்று, நாலு, இரண்டு, ஐந்து, மூன்று, ஆறு என்று. அதையும் ஒரே மூச்சில் 25 போடாமல் முதல் சுற்று எல்லாவற்றுக்கும் 12, இரண்டாவது சுற்று 25. கடைசிப் பகுதியில் வேகத்தையும் குறைத்துவிடுங்கள், போல்ட் உட்காரும்வரை வேகமாக வரலாம், அதற்குப் பிறகு 30 ஆர்.பி.எம் மாதிரி ஓடட்டும், கேஸ்கெட் அமுங்குவதற்கு நேரம் கிடைக்கும்.

30க்கு ஏற்றுவது ஏன் தப்பு என்று என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஐப்பசி மழை. எங்கள் ஸ்டோரில் ஒழுகல், போல்ட் பெட்டியில் லேசாகத் துரு. ஸ்டோர்காரர் நல்ல எண்ணத்தில் பெட்டி முழுக்கத் துரு எண்ணெய் அடித்து லைனுக்கு அனுப்பிவிட்டார். அதே எம்8, அதே 25. ஸ்கிரீனில் டார்க் கச்சிதமாக 25, ஒரு குறையும் இல்லை. ஆனால் உட்கார்ந்த பிறகு போல்ட் திரும்புகிற கோணம்? வழக்கமாக 45 டிகிரி பக்கம் முடிகிறது அன்றைக்கு 60ல் முடிந்தது. கோணத்துக்கும் மேல் எல்லை வைத்திருந்ததால் மூன்றாவது பீஸிலேயே சிவப்பு எரிந்து லைன் நின்றது. ஆபரேட்டர் போல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார், விரலெல்லாம் பிசுபிசுப்பு. அப்போதுதான் புரிந்தது. உலர்ந்த போல்ட்டில் 25 போட்டால் சுமார் 15, 16 கிலோ நியூட்டன் பிடி வரும். எண்ணெய் பட்டால் அதே 25க்கு 20ஐத் தாண்டும். 8.8 எம்8 போல்ட் தாங்குகிற எல்லையே 21, 22தான். அன்று யாராவது 30 என்று செட் செய்திருந்தால் போல்ட் நீண்டு போயிருக்கும், டார்க் பச்சையாகவே காட்டியிருக்கும். டார்க்கை மட்டும் பார்த்தால் பாதி கதைதான் தெரியும். கோணத்தையும் சேர்த்துப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

மெயின்டனன்ஸ் ஸ்ரீபெரும்புதூர்:
கரண்ட் கன் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். டிரான்ஸ்டியூசர் கன்னில் தண்டில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருக்கும், தண்டு முறுகுவதை நேராக அளக்கும். கரண்ட் கன்னில் அளவு இல்லை, ஊகம்தான். மோட்டார் இத்தனை ஆம்பியர் இழுத்தது, அப்படியானால் இத்தனை டார்க் இருக்கும் என்கிற கணக்கு. மோட்டார் சூடானால் காந்தம் கொஞ்சம் பலம் குறையும், அதே ஆம்பியருக்கு டார்க் குறையும். கியர் கிரீஸ் சூடானால் உராய்வு குறைந்து டார்க் கூடும். எது ஜெயிக்கும் என்று எந்த ஷிஃப்ட்டில் எப்படிச் சொல்வது? நம் ஊர் மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் கன்னைத் தொட்டுப் பாருங்கள். கியர் தேய்ந்தால் அதையும் அது டார்க் என்றே எண்ணிக்கொள்ளும்.

லேபிள் தகடு, மூடி, பிளாஸ்டிக் கவர் மாதிரி இடத்துக்குத் தாராளமாகப் போதும், பணத்தை மிச்சம் பிடியுங்கள். கழன்றால் யாருக்காவது அடிபடும் என்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம். ஜெர்மன்காரர்களின் விடிஐ 2862 விதி இதைத்தான் ஏ, பி, சி என்று பிரிக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் ஏ. வாங்கினாலும் காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, கன்னுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் தனி டிரான்ஸ்டியூசர் மாட்டிச் சரிபாருங்கள்.

அம்பத்தூர் லைன்:
நன்றி எல்லோருக்கும். நேற்று இரண்டு ஷிஃப்ட்டில் 30 பீஸ் எதிரெதிர் வரிசையில், 12 அப்புறம் 25 என்று போட்டேன். அரை மணி நேரம் கழித்து ரெஞ்சில் பார்த்தால் ஆறு போல்ட்டும் 22.5 முதல் 24 வரைக்குள். கன்னைத் தொடவே இல்லை, 25 அப்படியே இருக்கிறது. பீஸுக்கு 11 வினாடி கூடுகிறது, அதை முதலாளியிடம் பேசிக்கொள்கிறேன். பக்கத்து ஸ்டேஷனில் போவது மோட்டார் அடிக்கால் போல்ட், அதற்கும் டிரான்ஸ்டியூசர் கன்னே கேட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் இன்னும் முழுதாக நம்பவில்லை, அவரையே கோடு போட்டு அளக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரகடம் ப்ராசஸ்:
மகிழ்ச்சி ப்ரோ. ஒன்றை விட்டுவிட்டேன். இரண்டு சுற்றுக்கும் தனித்தனி செட்டிங் வையுங்கள். மரை குறுக்காக ஏறினால் முதல் சுற்றிலேயே தெரிய வேண்டும். இரண்டாவது சுற்றில் போல்ட் ஏற்கெனவே 12ல் இருப்பதால் கோணம் எண்ணத் தொடங்குகிற டார்க்கை 14 பக்கம் வைத்தால்தான் சரியாக வரும். அதில் குறைந்தபட்சக் கோணமும் கட்டாயம் போடுங்கள். ஆபரேட்டர் களைப்பில் ஒரே போல்ட்டை இரண்டு தடவை அடித்து, பக்கத்தில் ஒன்றை 12லேயே விட்டுவிட்டால் கன்ட்ரோலர் ஆறு எண்ணி முடித்து பச்சை காட்டிவிடும். இரண்டாவது அடியில் போல்ட் அநேகமாக அசையவே அசையாது, அந்தக் கோணம்தான் காட்டிக்கொடுக்கும்.