கலைஞரின் நினைவு மலரில் நோயை எழுதுவதா, விடுவதா?

நெடுங்கேணி வாசகர்:
வன்னியில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரோ பாடகரோ கவிஞரோ கண்மூடினால், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் கையில் தரும் நினைவு மலர்தான் அவருக்கு வரும் முதல் வாழ்க்கை வரலாறு. பெரும்பாலும் கடைசியும் அதுதான். ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்க 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் இப்படியான மலர்கள் ஏராளம் ஏறியிருக்கின்றன. நாளைக்கு ஆய்வு செய்ய வருகிற பிள்ளை அதைத்தான் திறக்கப்போகிறது. பிறப்பு, பள்ளிக்கூடம், கலியாணம், முதல் மேடை, பட்டங்கள் எல்லாம் இருக்கும். பிறகு "சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து இறைபதம் எய்தினார்" என்று ஒரே வரி. அந்தச் சிறிது காலம் சிலருக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம். அந்த வருடங்களில் அவர் ஏன் பாட்டை விட்டார், கூத்துக் கொப்பியை யாரிடம் கொடுத்தார், யாரைப் பழக்கினார் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

பொதுமேடையில் வாழ்ந்தவரின் மலரில் மூன்று விபரம் வர வேண்டும் என்பது என் நிலைப்பாடு: நோயின் பெயர், அது தெரியவந்த ஆண்டு, அதனால் கலையில் என்ன மாறியது. எம்.ஜி.ஆரை எடுங்கள். 1967 ஜனவரி 12 இல் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்து குரலே மாறிப்போனது. அதைச் சொல்லாமல் அவருடைய பிந்திய படங்களைப் பற்றி ஒருவர் எப்படி எழுதுவார்? கூத்துக்காரரின் தொண்டைக்கும் அதே நியாயம்தான்.

வட்டுவாகல்:
அண்ணை, நினைவு மலர் ஆய்வுக்கட்டுரை இல்லை. அது கிரியையின்ர ஒரு பங்கு. முதல் பக்கத்தில படம், அடுத்து இறந்த திதியைச் சொல்லுற திதி வெண்பா, பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், சிவபுராணம், நன்றி நவிலல். வீட்டுக்கு வந்த சனம் அதைச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில வைக்கும். அதுக்குள்ள ஏன் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லுறியள்?

நடிகை சாவித்திரிக்கு நடந்ததைப் பாருங்கோ. ஏறத்தாழ 19 மாதம் நினைவில்லாமல் கிடந்து 1981 டிசெம்பர் 26 இல் போனா. எத்தனையோ படத்தில நடிச்ச மனிசி. இண்டைக்கும் வாரப்பத்திரிகையில அவவைப் பற்றி ஒரு பக்கம் வந்தால் அரைவாசி குடியும் கட்டிலும் மெலிஞ்ச உடம்பும்தான். நோயை ஒருக்கால் உள்ளே விட்டால் அது மற்ற எல்லாத்தையும் தள்ளிப்போட்டு முன்னுக்கு வந்து நிக்கும்.

இன்னொண்டு. எங்கட பக்கம் சம்பந்தம் பேச வாறவை மலரைப் புரட்டிப் பாக்கிறது உங்களுக்குத் தெரியாததில்லை. பேத்திக்கு வந்த இடம் குழம்பினால் அதுக்கு ஆர் பதில் சொல்லுறது?

மாங்குளம் தாதி:
எழுதுவதா விடுவதா என்ற வழக்கை நீங்கள் நடத்துங்கள். எழுதுகிறவர்கள் எங்கே பிழைவிடுகிறார்கள் என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் வருகிற மலர்களில் பாதிக்கு மேல் நோய் பிழையாகத்தான் அச்சாகிறது.

"மாரடைப்பால் காலமானார்" என்பதுதான் மிகப் பெரிய பிழை. மரண காரணத்தை வைத்தியர் வரிசையாக எழுதுவார். முதல் வரியில் கடைசியாக நடந்தது, அதற்குக் கீழே அதற்குக் காரணம், அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் மூலமான நோய். உதாரணம்: மேல் வரியில் குருதியில் கிருமித்தொற்று, அடுத்து சிறுநீரகச் செயலிழப்பு, அதற்குக் கீழே நீரிழிவு. இவற்றோடு சேர்ந்து பாதித்த வேறு நோய்களுக்குத் தனிப் பகுதி உண்டு. வாழ்க்கைக் குறிப்புக்கு வேண்டியது கீழ்வரி. ஆனால் குடும்பத்தார் மேல்வரியை எடுப்பார்கள், அல்லது இதயம் நின்றது என்று யாரோ சொன்னதை மாரடைப்பு ஆக்கிவிடுவார்கள். சாகும்போது எல்லோருக்கும்தான் இதயம் நிற்கிறது. மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடும் தனி நோய்.

இரண்டாவது, ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது நோயை எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்ட். கிளிநொச்சியில் அனுமதித்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றினால் இரண்டு கார்ட் வரும். முதலாவதில் இருப்பது பல தடவை சந்தேகம் மட்டுமே. கார்ட்டுகளைத் திகதி ஒழுங்கில் அடுக்கி, பிந்தியதைப் பாருங்கள். புற்றுநோய் என்றால் சதைத்துண்டுப் பரிசோதனையின் முடிவு கையில் இல்லாமல் எந்த உறுப்பு என்று எழுதாதீர்கள். ஈரலுக்குப் பரவியதை "ஈரல் புற்றுநோய்" என்று அச்சடிக்கிறார்கள். தொடங்கிய இடம் குடலாக இருக்கும். பி.எச்.ரி. எனப்படும் ஆஸ்பத்திரிக் கட்டில் சீட்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஒன்றும் மலருக்குள் வரக்கூடாது. கார்ட்டைப் படம் பிடித்துப் போடுவது அறவே வேண்டாம்.

மூன்றாவது நம் மண்ணுக்கே உரியது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் "சிறுநீரகம் பழுதாகி" என்று எழுதினால் அது பாதி விபரம்தான். நீரிழிவால் வந்ததா, பிரஷரால் வந்ததா, 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்டு நம் பக்கமும் தெரியவந்த அந்தக் காரணம் தெரியாத சிறுநீரக நோயா? அது சத்தமில்லாமல் வரும். கால் வீங்கிக் களைப்பு வரும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும். அதே கிணற்றுத் தண்ணீர் குடித்து அதே வயலில் நின்ற பிள்ளைகள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தக் கிரியாற்றினினும் சிறுநீர் அல்புமினும் பார்க்க வேண்டும். மலரில் ஒரு வரி சரியாக இருந்தால் அதை வாசிக்கிற மருமகன் போய்ப் பார்ப்பான். நோயை எழுது என்பதற்கு என்னிடம் உள்ள வலுவான காரணம் ஆய்வு இல்லை, இதுதான்.

வட்டுவாகல்:
தங்கச்சி, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை வீட்டுக்குள்ள சொல்லலாம். அதுக்கு முன்னூறு பிரதி அடிச்சு ரொறன்ரோ வரைக்கும் அனுப்பத் தேவையில்லை.

நெடுங்கேணி வாசகர்:
வீட்டுக்குள் சொல்லப்படுகிறதா என்பதுதான் கேள்வி. சொல்லாமல் விட்ட இடத்தில் ஊர் தானே ஒரு கதையை எழுதிக்கொள்கிறது. ஜெயலலிதா 2016 செப்டெம்பர் 22 இல் ஆஸ்பத்திரிக்குப் போய் டிசெம்பர் 5 இல் இறக்கும் வரை 75 நாள். அறிக்கைகள் வந்தன, ஆனால் ஒரு படம்கூட வெளிவரவில்லை. விளைவு, அடுத்த வருடம் ஒரு விசாரணை ஆணையம். 2022 இல் எய்ம்ஸ் வைத்தியர் குழு சிகிச்சை சரி என்று சொன்ன பிறகும், அதே வருடம் சட்டசபையில் வைக்கப்பட்ட ஆணைய அறிக்கை இறந்த நேரத்திலேயே முரண்பட்டது.

விபரம் எழுதி வைத்தால் பிழையைக்கூடப் பிறகு திருத்தலாம். கணிதமேதை இராமானுஜன் 1920 ஏப்ரல் 26 இல், 32 வயதில் இறந்தார். காசநோய் என்றுதான் இங்கிலாந்தில் வைத்தியம் பார்த்தார்கள். 1994 இல் டி.ஏ.பி. யங் என்ற வைத்தியர் பழைய குறிப்புகளைத் திரும்ப வாசித்து, அது ஈரலைத் தாக்கிய அமீபாத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். எப்படி முடிந்தது? இந்தியாவில் இருந்தபோது அவருக்கு வந்த வயிற்றுக்கடுப்பையும், பிறகு வந்துபோன காய்ச்சலையும் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். "சுகவீனமுற்றிருந்தார்" என்று மட்டும் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திராது.

வட்டுவாகல்:
முதலமைச்சர் நாட்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவ. காத்தவராயன் கூத்து ஆடின மனிசன் ஊருக்கு ஆட்டத்தைத்தான் கடன்பட்டவர். ஆட்டத்தைக் குடுத்திட்டார். உடம்பைக் குடுக்கேல்லை. இதில நான் மாறமாட்டன்.

வெண்பா எழுதுகிறவர்:
நோய்க் கதையில் திகதி பிழைத்தால் திதியும் பிழைக்கும், அதனால் நானும் உள்ளே வருகிறேன்.

பாரதியாரைப் பாருங்கள். யானை அடித்து இறந்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளியது 1921 நடுப்பகுதியில். அதிலிருந்து எழும்பி, வேலைக்குப் போய், ஈரோடு கருங்கல்பாளையத்தில் போய்ப் பேசியும் வந்தார். அவரைக் கொண்டுபோனது பிறகு வந்த வயிற்றுக்கடுப்பு. இரண்டு சம்பவத்தையும் ஒட்டிவிட்டதால் நோய் மறைந்து யானை நின்றுவிட்டது. நாளும் அப்படித்தான். செப்டெம்பர் 11 இரவு கடந்து, நள்ளிரவுக்குப் பின் உயிர் பிரிந்தது. பதிவு 12 என்கிறது. தமிழ்நாடு அரசு 2021 இல் மகாகவி நாளை 11 இல் வைத்தது. சான்றிதழுக்கு நாள் நள்ளிரவில் மாறும், நம் வழக்கத்துக்குச் சூரியன் உதித்தால்தான் மாறும். ஆஸ்பத்திரியில் இரவு ஒரு மணிக்கு நடந்த மரணத்துக்கு வாழ்க்கைக் குறிப்பில் ஒரு திகதியும் வெண்பாவில் இன்னொரு நாளும் வருவது இதனால்தான். நேரத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் குழப்பம் தீரும். குடும்பத்தார் எனக்கு அனுப்ப வேண்டியதும் அதுதான்: திகதி, நேரம், இடம். ஆண்டு, மாதம், பட்சம், திதி நாலையும் நான் பஞ்சாங்கத்தில் பார்ப்பேன். ஆண்டுப் பெயரை நீங்களே போட்டு அனுப்பாதீர்கள். தை, மாசி, பங்குனியில் இறந்தவருக்கு இங்கிலீஷ் வருடத்தை வைத்துப் பெயர் போட்டுவிடுகிறார்கள். 2024 பெப்ரவரி மரணம் சோபகிருது வருடம். குரோதி பிறந்தது அந்தச் சித்திரையில்.

வட்டுவாகல்:
சரி, ஆவணத்தைப் பற்றிக் கதைக்கிறியள். 2008, 2009 போர்க்காலத்தில போன கலைஞர்களுக்கு ஆவணம் எங்கே? கிளினிக் கொப்பி பங்கருக்குள்ள போச்சு, ஆஸ்பத்திரிப் பதிவுகள் இடம்பெயர்வில போச்சு. காணாமல் ஆக்கப்பட்டவையின்ர குடும்பத்துக்கு 2010 சட்டத்தின்படி மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவை. 2016 க்குப் பிறகு ஆள் காணப்படவில்லை எண்டு மட்டும் சொல்லுற சான்றிதழும் வந்தது. இரண்டையும் வாங்காமல் இருக்கிற தாய்மார் இருக்கினம். அவையின்ர பிள்ளைக்கு "இறந்த ஆண்டு" எண்டு ஒரு இடத்தை விட்டு நிரப்பச் சொல்லுவியளே?

நெடுங்கேணி வாசகர்:
இல்லை. அங்கே குடும்பம் சொல்வதே முடிவு. இறந்தார் என்று அவர்கள் சொல்லாதவரை அது நினைவு மலரே இல்லை, கலைஞரைப் பற்றிய தொகுப்பு. திதி வெண்பா வராது, "அமரர்" வராது. கடைசியாக ஆடிய மேடையும், கடைசியாகக் கண்ட இடமும் மாதமும் வரும். நோய்க்கும் அதே மாதிரித்தான். கார்ட் இல்லையென்றால் உடன் இருந்த இருவரைத் தனித்தனியாகக் கேட்டு, இருவரும் ஒத்துச் சொன்னதை மட்டும் "குடும்பத்தார் தெரிவித்தபடி" என்று எழுத வேண்டும். நோயின் பெயரை ஊகிக்கக் கூடாது. "உணவு விழுங்க முடியாமல் இருந்தது" என்று கண்டதை எழுதலாம்.

மாங்குளம் தாதி:
இதில் நானும் வட்டுவாகல் அண்ணையின் பக்கம் சில கோடு கீறுகிறேன். தற்கொலையென்றால் முறையும் இடமும் எழுதக்கூடாது, ஒற்றைக் காரணமும் சொல்லக்கூடாது. உலக சுகாதார நிறுவனமே ஊடகங்களுக்குச் சொல்லுகிற விதி அது, மலருக்கும் பொருந்தும். உயிரோடு இருப்பவரின் உடம்புபற்றி இறந்தவரின் மலரில் எழுதக்கூடாது. எம்.ஜி.ஆருக்கு 1984 இல் அமெரிக்காவில் அண்ணன் மகளின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது உலகறிந்தது. நம் ஊரில் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்த அக்கா கேட்கப்படாமலே மலரில் வந்துவிடுகிறா. "உறவினர் ஒருவர்" என்பது போதும். கட்டிலில் கிடக்கும் படம் வேண்டவே வேண்டாம்.

வட்டுவாகல்:
படத்தில எல்லாரும் ஒத்துப்போறம். நல்லது. எழுதத்தான் வேணும் எண்டு நிக்கிற ஆள் ஒரு மாதிரி எழுதிக் காட்டட்டும் பாப்பம்.

நெடுங்கேணி வாசகர்:
கற்பனையான ஒரு அண்ணாவியாருக்கு இப்படி:

"2014 இல் நீண்டகால வெற்றிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் கண்டு, தெல்லிப்பழையில் கதிர்ச்சிகிச்சை பெற்றார். அதன்பின் மேடையில் பாடவில்லை. 2019 வரை மத்தளத்தோடு இருந்து மூன்று ஊர்ப் பிள்ளைகளுக்குக் காத்தவராயன் கூத்தைப் பழக்கினார். கூத்துக் கொப்பி மூத்த மகளிடம் உள்ளது."

வட்டுவாகல்:
கடைசி ரெண்டு வரியும் தங்கம். அது வரவேணும், நான் மறுக்கேல்லை. "வெற்றிலைப் பழக்கத்தால்" எண்டது ஆர் சொன்னது? கார்ட்டில இருக்கே? செத்த மனிசனில குற்றம் சுமத்துற சொல்லு அது. அதை எடுங்கோ. பிறகு நோயின்ர பேர் போடுறதோ எண்டதை மனைவியும் பிள்ளைகளும்தான் சொல்ல வேணும். ஒராள் வேண்டாம் எண்டாலும் "சுகவீனம்" எண்டே இருக்கட்டும்.

மாங்குளம் தாதி:
அதை எடுக்கத்தான் வேண்டும். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதில் ஐயமில்லை. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவதும் வாய்ப்புற்றுநோய்தான். ஆனால் ஒரு தனி மனிதரில் இதனால்தான் வந்தது என்று கார்ட் சொல்லாது. "பழக்கத்தால்" என்பதை வெட்டினாலும் நோயின் பெயரை வாசிப்பவருக்கு விளங்கும்.

நெடுங்கேணி வாசகர்:
வெட்டிவிட்டேன். ஆனால் "ஒராள் வேண்டாம் என்றாலும்" என்பதை ஏற்கமாட்டேன். பத்து வருடம் பராமரித்த மனைவி எழுதச் சொல்ல, ஒருநாளும் வந்து பார்க்காத உறவு வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் தடுக்கிற வீடுகள் உண்டு. மனைவி அல்லது கணவரின் சொல்தான் முதல். அவர் இல்லையென்றால் பராமரித்த பிள்ளையின் சொல்.

வட்டுவாகல்:
மனைவியின்ர சொல் முதல் எண்டதுக்கு நான் எதிரில்லை. கேக்காமல் எழுதுறதுக்குத்தான் எதிர்.

அச்சுக்கூடம், பரந்தன்:
யார் சொல் முதல் என்றாலும் அதை 18ஆம் நாளுக்குள் முடித்து அனுப்புங்கள். 31 என்றால் 28 இல் மலர் கட்டி முடிந்திருக்க வேண்டும், மட்டை காய ஒரு நாள், உள்ளே அடிக்க இரண்டு நாள், புரூஃப் இரண்டு தடவை. நோய் வரியைப் புரூஃபில் மாற்றச் சொல்லி 27ஆம் நாள் கூப்பிட்டால் அந்தத் தாள் முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டும். பக்கம் நாலின் பெருக்கத்தில் வர வேண்டும். ஒரு பத்தி கூடினால் நாலு பக்கம் கூடும். படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியூமென்ராக அனுப்புங்கள். பாமினி எழுத்துருவில் தட்டுகிறவர்களுக்கு: மில்லிகிராமுக்கு இங்கிலீஷ் எழுத்தை அப்படியே விட்டால் அச்சில் "அப" என்று விழும். மருந்தளவு மலருக்குத் தேவையில்லை, நோயின் பெயரைத் தமிழிலேயே தட்டுங்கள். கடைசிப் புரூஃபில் நோய் வரும் பக்கத்தில் மனைவியோ பிள்ளையோ கையொப்பம் வைத்துத் தந்தால்தான் நாங்கள் மிஷினில் ஏற்றுவோம்.