ஓபிடி போர்ட்டில் சொருகும் ‘மைலேஜ் சிப்’: உள்ளே என்னதான் இருக்கு?

நாலாம்கியர்

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் இடம்) ஒரு சின்ன டப்பாவைச் சொருகினால் 15 முதல் 35 சதவீதம் வரை பெட்ரோல் மிச்சமாம். சாவியை ஆன் செய்து பட்டனை 5 விநாடி அழுத்த வேண்டும், அப்புறம் 200 கிலோமீட்டர் ஓட்டினால் நாம் ஓட்டும் விதத்தை அது ‘கற்றுக்கொள்ளும்’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரு நிறம் மைலேஜுக்கு, இன்னொரு நிறம் பவருக்கு. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் வகையும் இருக்கிறது.

விலை ரொம்பக் குறைவு. போனால் போகட்டும் என்று வாங்கிப் பார்க்கலாமா? வண்டிக்கு ஏதாவது கெடுதல் வருமா?

கேன்வயர்

இந்த மாதிரி எதைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது எந்த வயரைத் தொடுகிறது, அந்த வயர் வழியாக எஞ்சினை மாற்ற முடியுமா?

ஓபிடி போர்ட்டில் 16 பின். 16ஆவது பின்னில் பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் இருக்கும். 4, 5 இரண்டும் கிரவுண்ட். இன்றைய கார்களில் இசியுவோடு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பேசும் கேன் லைன், அதாவது வண்டியின் கணினிகள் தகவல் பரிமாறும் இரட்டை வயர், 6, 14ஆம் பின்கள். அந்த லைனில் பேச ‘கேன் டிரான்ஸீவர்’ என்ற சிப் வேண்டும், பெரும்பாலும் எட்டுக் கால் உள்ளது. மலிவு டப்பாவைத் திறந்தால் வழக்கமாகத் தென்படுவது மூன்று நான்கு எல்இடி, ஒரு பட்டன், ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர், ஒரு குட்டி மைக்ரோகண்ட்ரோலர். அவ்வளவுதான். எல்இடியை மினுக்க அந்த ஒரு சிப் போதும். இசியுவிடம் பேச அது மட்டும் போதாது.

‘டிரான்ஸீவர் அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கலாமே’ என்று ஒரு வாதம் வரும். அதையும் சோதிக்கலாம். போர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டு, ஒரு பக்கம் கேன் லாகர் (லைனில் போகும் மெசேஜ்களைப் பதிவு செய்யும் கருவி), மறுபக்கம் இந்த டப்பா. டப்பா இல்லாமல் ஒரு நிமிடம், டப்பாவோடு ஒரு நிமிடம் பதிவு செய்து மெசேஜ் ஐடிகளை ஒப்பிடுங்கள். புதிதாக ஒரு ஐடிகூட வரவில்லை என்றால் அது எதுவும் அனுப்பவில்லை. கேட்க மட்டும் செய்கிறது என்று வைத்துக்கொண்டாலும், கேட்பதால் எஞ்சின் மாறாது.

சரி, பேசும் என்றே வைத்துக்கொள்வோம். இசியுவில் இருக்கும் ஃப்யூயல் மேப்பை (எப்போது எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்ற அட்டவணை) மாற்ற வேண்டுமென்றால் முதலில் செக்யூரிட்டி ஆக்ஸஸ் கிடைக்க வேண்டும்: இசியு ஒரு எண் தரும், அதற்குச் சரியான பதில் எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். பிறகு பழைய நினைவகத்தை அழித்து, புதியதை எழுதி, எழுதியதில் பிழை இல்லை என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, பேட்டரிக்கு சார்ஜர் மாட்டிச் செய்கிற வேலை இது. பாதியில் மின்சாரம் குறைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதோடு ஒரே மாடல் காரிலேயே இசியு மென்பொருள் பதிப்பு வேறுபடும். எல்லா காருக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கும்போதே விஷயம் முடிந்துவிட்டது.

சோக்கேபிள்

மேலே சொன்னது எலக்ட்ரானிக்ஸ் பக்கம். எரியும் பக்கமும் பார்ப்போம். ‘முழுமையாக எரியவைத்து மிச்சப்படுத்தும்’ என்பது இவர்களுடைய நிரந்தர வசனம். ஒழுங்காக ஓடும் எஞ்சினில் பெட்ரோல் ஏற்கெனவே 97, 98 சதவீதம் எரிந்துவிடுகிறது. மீதி முழுவதையும் எரித்தாலும் 2, 3 சதவீதம்தான் கிடைக்கும், 35 எங்கிருந்து வரும்? நிஜமான இழப்பு வெப்பத்தில்: சைலன்சர் வழியாக ஒரு பங்கு, ரேடியேட்டர் வழியாக ஒரு பங்கு. அதை எந்த டப்பாவும் தடுக்காது.

லைட்டர் சாக்கெட் வகையில் இருப்பது ஒன்றிரண்டு கெபாசிட்டரும் ஒரு எல்இடியும். ‘வோல்டேஜை நிலைப்படுத்தும்’ என்பார்கள். அந்த வேலைக்கு ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரும் பேட்டரியும் ஏற்கெனவே இருக்கின்றன. அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் வைத்த கதை. பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தமும் அப்படித்தான். ஹைட்ரோகார்பனைக் காந்தத்தால் ‘வரிசைப்படுத்த’ முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ இதுவரை 100க்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட சாதனங்களை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டிய ஒன்றுகூட அதில் இல்லை.

இவை சும்மா இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ‘பவர் சிப்’ என்ற பெயரில் வரும் ரெசிஸ்டர் சும்மா இருக்காது. இன்டேக் காற்றின் வெப்பநிலை சென்சார் வயரில் அதை இடையில் போடச் சொல்வார்கள். பரவலாகப் பயன்படும் சென்சாரில் 20 டிகிரிக்குச் சுமார் 2.5 கிலோஓம், 0 டிகிரிக்கு 5.8 கிலோஓம் பக்கம். 3.3 கிலோஓம் சேர்த்தால் 20 டிகிரி காற்றை இசியு 0 டிகிரி என்று நம்பும். காற்று 7 சதவீதம் அடர்த்தி என்று கணக்குப் போட்டு அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டும். மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளப்பது; ஃப்யூயல் மேப் வேறு) வைத்துக் காற்றைக் கணக்கிடும் வண்டியில் இது நேரடியாக நடக்கும். ஆக்ஸிஜன் சென்சார் ‘பெட்ரோல் அதிகம்’ என்று சொன்னதும் இசியு திரும்பக் குறைத்துவிடும். லாங் டேர்ம் ஃப்யூயல் டிரிம், அதாவது இசியு பெட்ரோல் அளவில் நிரந்தரமாகச் செய்யும் திருத்தம், மைனஸ் 7 சதவீதம் பக்கம் போய் நிற்கும். கைக்கு வந்தது பூஜ்யம். முழு ஆக்ஸிலரேட்டரில் அந்தத் திருத்தம் முழுதாக நடக்காத வண்டியில் கூடுதல் பெட்ரோல் அப்படியே போகும். குளிர்ந்த காற்று என்று நம்பி இக்னிஷன் டைமிங்கை முன்னே தள்ளினால், வெயிலில் மேடு ஏறும்போது எஞ்சின் தட்டும். ரிச் மிக்ஸ்சர் பிழை பி0172 வந்து செக் எஞ்சின் விளக்கும் எரியலாம்.

நாலாம்கியர்

புரிந்தது. அப்படியானால் டீசலுக்கு விற்கும் டியூனிங் பாக்ஸ், பெடல் பாக்ஸ் எல்லாமே இதே ரகம்தானா? ‘வண்டி பறக்குது’ என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் பொய்யா சொல்கிறார்கள்?

ரெயில்பிரஷர்

இல்லை, அந்த இரண்டும் வேறு. வயர் கேள்வியையே இங்கேயும் கேளுங்கள்.

டீசல் டியூனிங் பாக்ஸ் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் உயர் அழுத்தக் குழாய்) பிரஷர் சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்காரும். உண்மையான அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். இசியு அழுத்தத்தை ஏற்றும். அதே நேரம் திறக்கும் இன்ஜெக்டரில் டீசல் கூடுதலாகப் போகும். டர்போ டீசலில் பவர் நிஜமாகவே கூடும். அதற்கான விலையும் நிஜம்: ஹை பிரஷர் பம்புக்குச் சுமை, புகை, டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சீக்கிரம் அடைப்பது, டார்க் தாங்காமல் கிளட்ச் வழுக்குவது. அளவு மீறினால் வண்டி லிம்ப் மோடுக்கு (பாதுகாப்புக்காகப் பவரைக் குறைத்துக்கொள்ளும் நிலை) போகும். வாரண்டி சிக்கலும் உண்டு.

பெடல் பாக்ஸ் ஆக்ஸிலரேட்டர் பெடல் கனெக்டரில் மாட்டுவது. 30 சதவீதம் மிதித்தால் 50 என்று சொல்லும். த்ராட்டில் சீக்கிரம் திறப்பதால் வண்டி துடிப்பாகத் தெரியும். முழுக்க மிதித்தால் பழைய பவரேதான், ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது.

பறக்குது என்பவர்கள் பொய் சொல்லத் தேவையில்லை. ‘200 கிலோமீட்டர் கற்றுக்கொள்ளும்’ என்றதும் எல்லோரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்ட ஆரம்பிப்பார்கள். பொருத்தும் சாக்கில் பேட்டரியைக் கழற்றியிருந்தால் பழைய டிரிம் அழிந்து சில நாள் வண்டி வேறு மாதிரியும் தெரியும். கற்றுக்கொண்டது ஓட்டுநர்தான்!

கேன்வயர்

வாங்கியே தீருவேன் என்றால் ஒழுங்காக அளந்து பாருங்கள். டேங்கை நிரப்பி மறுபடி நிரப்பும் முறைதான் சரி. டேஷ்போர்டு காட்டுவதை நம்ப வேண்டாம். அதே பம்பு, அதே நாசில், முதல் ‘கிளிக்’கில் நிறுத்த வேண்டும். 40 லிட்டருக்கு 1 லிட்டர் கூடக்குறைய நிரம்பினாலே 2.5 சதவீதம் பிழை, அதனால் ஒரு டேங்க் கணக்கு செல்லாது. டப்பா இல்லாமல் மூன்று டேங்க், டப்பாவோடு மூன்று, மறுபடி இல்லாமல் மூன்று. கழற்றிய பிறகும் மைலேஜ் இறங்கவில்லையென்றால் காரணம் டப்பா இல்லை. டயர் அழுத்தமும் ஏசி பயன்பாடும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றின் எடையை அளப்பது) உள்ள வண்டி என்றால், ஓபிடி தகவலை ஃபோன் ஆப்பில் காட்டும் இஎல்எம்327 அடாப்டர் வைத்து ஐடிலில் பார்க்கலாம். விநாடிக்கு 2 கிராம் காற்று என்று காட்டினால் 14.7ஆல் (1 கிராம் பெட்ரோலுக்கு வேண்டிய காற்று) வகுத்து 3600ஆல் பெருக்குங்கள்: மணிக்கு 490 கிராம் பெட்ரோல், அதாவது சுமார் 0.66 லிட்டர். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சொருகும் முன்னும் பின்னும் ஒப்பிடலாம். மேப் சென்சார் மட்டும் இருந்தால் ஆப் காட்டும் லிட்டர் கணக்கு உத்தேசம்தான்; ஃப்யூயல் டிரிமை மட்டும் பாருங்கள்.

கெடுதல் பற்றிக் கேட்டீர்கள். 16ஆம் பின்னில் சாவி எடுத்தாலும் மின்சாரம் இருக்கும். டப்பா 30 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, ஒரு மாதம் நிறுத்திவைத்தால் 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி காலி. உள்ளே சோல்டர் மோசமாக இருந்து பின்கள் ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் போகும். 6, 14 ஷார்ட் ஆனால் கேன் லைனே முடங்கி வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். முழங்கால் இடித்துப் போர்ட் உடைவது தனிக் கணக்கு.

சோக்கேபிள்

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட வேண்டாம். போர்டைப் பிடுங்கிவிட்டால் உறையோடு ஒரு 16 பின் ஆண் கனெக்டர் மிஞ்சும். 4, 5, 6, 14, 16 ஐந்துக்கும் வயர் சோல்டர் செய்து, 16ஆம் வயரில் 1 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டால் கேன் லாகருக்கு நல்ல கேபிள்.