விண்வெளி கேம் மாடுக்கு (mod, கேமில் நாமே செய்யும் மாற்றம்) நட்சத்திர வானம்: செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

டர்பன்

கேமோடு வரும் வானத்தை எடுத்துவிட்டு அசல் வானத்தை வைக்கும் வேலையில் எங்கெங்கே அடிபடுகிறது என்பதைச் சேர்த்து வைப்போம். தென்னாப்பிரிக்காவில் உங்கள் ஊர்ப் பெயரை மேலே போட்டு, அளவு, எண், எது கெடுகிறது, ஏன் கெடுகிறது என்று எழுதினால் போதும்.

முதல் விஷயம். பெரும்பாலான மாடுகளில் வானம் பொய்யாகத் தெரிவதற்கு நட்சத்திரம் குறைவாக இருப்பது காரணம் இல்லை. ஒரே பிரகாசத்தில் ஏராளமாக இருப்பதுதான் காரணம். அசல் வானத்தில் ஒரு மேக்னிட்யூட் (பிரகாச அளவு; எண் கூடக் கூட மங்கல்) மங்கினால் எண்ணிக்கை ஏறக்குறைய 3 மடங்காகும். 2-ஐ விடப் பிரகாசமானவை முழு வானத்திலும் சுமார் 50 தான்; 6.5 வரை போனால் சுமார் 9,000. இந்த விகிதம் கெட்டால் எந்த வண்ணமும் காப்பாற்றாது. அதனால் ரேண்டமாகத் தூவாதீர்கள், பட்டியலிலிருந்து வரையுங்கள். 1997-ல் வந்த ஹிப்பார்க்கஸ் பட்டியலில் 1,18,218 நட்சத்திரங்கள் உண்டு. வானத்தை ஒட்டும் கியூபின் (கன சதுரப் பெட்டியின்) ஆறு முகங்களில் ஒவ்வொன்றும் 2048 பிக்சல் பக்கம் என்றால், அந்த 2048 முகத்துக்கு அது தாராளம்.

கற்பனைக் கோளுக்கான வானம் என்றால் ரேண்டம் தவிர வழியில்லை. அப்போது அட்சரேகையை நேரடியாக ரேண்டம் எடுத்தால் இரு துருவங்களிலும் நட்சத்திரம் குவியும். −1 முதல் 1 வரை ஓர் எண் எடுத்து அதன் ஆர்க்சைனை அட்சரேகையாக வையுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டர்பன் அண்ணா சொன்ன விகிதத்தைச் சரியாக வைத்தாலும் 8 பிட்டில் (ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரை மட்டுமே) அடுத்த அடி விழும். 5 மேக்னிட்யூட் என்றால் 100 மடங்கு ஒளி. சிரியஸ் −1.46, கண்ணுக்கு எட்டும் கடைசி 6.5, இடைவெளி 1,500 மடங்குக்கு மேல். சிரியஸை 255-ல் வைத்தால் 6.5 நட்சத்திரம் எஸ்ஆர்ஜிபியில் (திரைகளின் வழக்கமான நிற அளவுகோல்) 2-க்கு இறங்கிவிடும். திரையில் அது கறுப்புதான். உடனே எல்லோரும் மங்கலானவற்றின் பிரகாசத்தை ஏற்றிவிடுகிறார்கள். வானம் உப்புத் தூவிய கறுப்புத் துணியாகிவிடுகிறது.

நன்றாக வரும் வழி இது: 2-ம் மேக்னிட்யூடை 255-க்கு நிறுத்துங்கள். அப்போது 6.5 நட்சத்திரம் 34-ல் நிற்கும், தெளிவாகத் தெரியும். அதற்கு மேலுள்ள சுமார் 50 நட்சத்திரங்களின் மிச்ச ஒளியைச் சுற்றிலும் மெல்லிய வட்டமாகப் பரப்புங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் புள்ளியின் அளவு ஒன்றேதான். பிரகாசம் மட்டும் மாற வேண்டும். ஒரே பிக்சலில் குத்தினால் கேமரா திரும்பும்போது மினுமினுக்கும். விண்வெளியில் காற்று கிடையாது, மினுக்கவே கூடாது. ஆகவே காஸியன் புள்ளி (நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல மங்குவது), சிக்மா (அதன் பரவல்) 0.7 பிக்சல்.

அந்தச் சிக்மாவைக் கோணத்தில் கணக்கிடுங்கள். 2048 கியூப் முகத்தின் நடுவில் ஒரு பிக்சல் 3.4 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க் நிமிடம்). மூலையில் அதே பிக்சல் வானத்தில் பிடிக்கும் பரப்பு நடுவில் பிடிப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். பிக்சல் கணக்கில் வரைந்தால் மூலை நட்சத்திரங்கள் மட்டும் ஊசி முனையாகத் தெரியும், எட்டு மூலையும் காட்டிக்கொடுக்கும்.

நிறத்துக்குப் பட்டியலில் உள்ள பி-வி (B−V, நட்சத்திரத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) எண்ணை எடுங்கள். வெப்பநிலை = 4600 × (1/(0.92 × எண் + 1.7) + 1/(0.92 × எண் + 0.62)). சூரியனின் 0.65-ஐப் போட்டால் சுமார் 5,780 கெல்வின் வரும், சரிபார்க்க அது போதும். திருவாதிரையின் 1.85-க்குச் சுமார் 3,330. மூன்று சேனலும் (சிவப்பு, பச்சை, நீலம்) 255-ல் முட்டினால் திருவாதிரையும் வெள்ளையாகிவிடும் என்பதால், பெரிய சேனலால் மூன்றையும் வகுத்துவிட்டு எழுதுங்கள்.

சாட்ஸ்வர்த்

4096-ல் வரைந்து 2048-க்குச் சுருக்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: லீனியரில், அதாவது உண்மை ஒளி அளவில், சுருக்குங்கள். நான்கு பிக்சலில் ஒன்று வெள்ளை, மூன்று கறுப்பு என்றால் சரியான விடை 137. காமா ஏறிய (திரைக்காக எண்கள் வளைக்கப்பட்ட) படத்தை அப்படியே சராசரி எடுத்தால் 64 வரும். ஒளியில் அது ஐந்தில் ஒரு பங்கு. "சுருக்கினதும் நட்சத்திரம் காணாமப் போச்சு" என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

மீதிப் பாதி கம்ப்ரஷன். கம்ப்ரஸ் செய்யாத 4096 முகம் 64 எம்பி, ஆறும் சேர்ந்து 384. பிசி1 (BC1) என்ற கம்ப்ரஷன் முறை அதை 48-க்குக் கொண்டுவரும், ஆனால் சிவப்பும் நீலமும் 5 பிட், பச்சை மட்டும் 6 பிட். கறுப்பை ஒட்டிய இடத்தில் பச்சையின் படி சின்னது, மற்றவை பெரியது; அதனால்தான் பால்வீதியின் ஓரம் பாசி பிடித்த மாதிரித் தெரிகிறது. இன்னொரு முறையான பிசி7 (BC7) 96 எம்பி கேட்கும், கொடுத்துவிடுங்கள். எழுதுவதற்கு முன் அரைப் படி அளவு இரைச்சல் சேர்த்தால் பட்டை பட்டையாக வருவதும் நிற்கும். மிப்மேப் (படத்தின் சிறிய பிரதிகள்) வேண்டாம். முகங்களின் ஓரத்தில் கோடு தெரிந்தால் ராப் அமைப்பைக் (ஓரம் தாண்டினால் எந்தப் பிக்சலை எடுப்பது என்பது) கிளாம்புக்கு (ஓரப் பிக்சலோடு நிற்பது) மாற்றுங்கள்.

இன்னொன்று, லோட் ஷெட்டிங் உள்ள ஊர்க்காரர்களுக்கு: ஆறு முகத்தையும் ஒரே ஓட்டத்தில் பேக் செய்யாமல் (வரைந்து படக் கோப்பாக்காமல்), முடிய முடியத் தனித்தனிக் கோப்பாகச் சேமியுங்கள்.

லெனேசியா

அடுத்த கேள்வி, பால்வீதிக்கு எந்தப் படம் எடுப்பது என்பது. ஐரோப்பியத் தென்வான ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட முழுவானப் படம் 6000×3000-ல் கிடைக்கிறது. பெயர் குறிப்பிட்டால் மாடில் பயன்படுத்தலாம். ஆனால் அதில் நட்சத்திரமும் இருக்கிறது. அதன் மேல் பட்டியல் நட்சத்திரத்தைப் போட்டால் எல்லாம் இரட்டை இரட்டையாகும். ஸ்டார்நெட் போன்ற கருவியால் நட்சத்திரத்தை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். நாசாவின் 2020 டீப் ஸ்டார் மேப்ஸில் பால்வீதி மட்டும் தனி அடுக்காகவே இருக்கிறது, அதுவே சுலபம்.

தென்னாப்பிரிக்காவின் மீர்காட் ரேடியோ தொலைநோக்கியின் 64 தட்டுகள் எடுத்த பால்வீதி மையப் படத்தைச் சிலர் ஒட்டுகிறார்கள். நம் நாட்டுப் படம், அழகான படம்தான், ஆனால் அது ரேடியோ அலை. கண்ணுக்குத் தெரியும் வானத்தில் அதற்கு இடமில்லை.

ஐரோப்பியப் படம் கேலக்டிக் ஆயத்தில் (பால்வீதியின் தளத்தை வைத்து அளப்பது) இருக்கிறது, பட்டியல் ஈக்வடோரியலில் (பூமியின் நடுவரையை வைத்து அளப்பது). சுழற்றாமல் சேர்க்கக் கூடாது. கேலக்டிக் வடதுருவம்: வலஏற்றம் 192.86°, நடுவரை விலக்கம் +27.13°. சேர்த்தபின் பால்வீதியின் மையம் −29°-ல் விழ வேண்டும். டர்பன் ஏறக்குறைய 30° தெற்கு; ஜூன், ஜூலை இரவில் அந்த மையம் தலைக்கு நேர் மேலே வரும். விளக்கில்லாத காரு வறண்ட சமவெளிக்குப் போய் அண்ணாந்து பார்த்துத் திரையோடு ஒப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிறம்தான், ஊதாவும் ஆரஞ்சும் கிடையாது.

டர்பன்

கண்ணாடித் தவறு பற்றி யாரும் சொல்லவில்லை. கோளத்துக்கு வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி பேக் ஆகிவிட்டால் வானம் இடவலம் மாறிவிடும். வடவானத்தில் கண்டுபிடிப்பதைவிட நம் தென்வானத்தில் சுலபம்: தென்சிலுவையை நிமிர்ந்து நிற்கிற மாதிரி திருப்புங்கள். ஆல்ஃபா, பீட்டா சென்டாரி இரண்டும் இடப்பக்கம் வர வேண்டும். வலப்பக்கம் வந்தால் புரட்டியிருக்கிறது. கெர்பல் என்ற விண்வெளி கேமுக்கு டிடிஎஸ் (DDS) படக் கோப்பைத் தலைகீழாகப் புரட்டிக் கொடுக்க வேண்டியிருப்பதால், புரட்டிய பிறகு இதை மறுபடி பாருங்கள்.

மெகல்லன் மேகங்கள் (பால்வீதிக்கு அருகிலுள்ள இரு சிறு விண்மீன் மண்டலங்கள்) இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெரியது சுமார் 10° அகலம், −70° பக்கம். நட்சத்திரம் நீக்கும் கருவி சில சமயம் அதையும் தின்றுவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

சூரியக் குடும்ப கேம் என்றால் பூமியின் அச்சுக்குரிய 23.44° சாய்வையும் சேருங்கள், இல்லையேல் கோள்கள் ராசிகளைவிட்டு விலகி ஓடும். மகம் கோள்களின் பாதையின் மேலேயே, சித்திரை 2° தெற்கே, கேட்டை 4.6° தெற்கே.

சாட்ஸ்வர்த்

எந்த அளவு முகம் போதும் என்பதற்கு: ஆறுமுகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரையும் எண்ணிப் பாருங்கள். அந்தக் கூட்டத்தின் மாயா, டைகீட்டா என்ற இரு நட்சத்திரங்களுக்கும் இடையே சுமார் 10 ஆர்க் நிமிடம். முகத்தின் நடுவில் விழுந்தால் 2048-ல் அது 3 பிக்சல், தனித்தனியாகத் தெரியும். 1024-ல் ஒன்றரை, இரண்டும் ஒட்டி ஆறு ஐந்தாகிவிடும். மெமரி குறைந்த லேப்டாப்புக்கு 1024 தான் முடியும் என்றால், கார்த்திகை முகத்தின் ஓரத்தில் வருகிற மாதிரி கியூபைச் சுழற்றி பேக் செய்து, கேமில் எதிர்ச்சுழற்சி கொடுங்கள். ஓரத்தின் நடுவில் பிக்சல் குறுகி, ஓரத்துக்குக் குறுக்கே பாதிக் கோணம்தான் பிடிக்கும். ஆறும் பிரிந்து நிற்கும்.