சொந்தக் காரோடு இலங்கைக்கு: கப்பலேற்றுவதா, நாகையிலேயே நிறுத்திவிட்டுப் போவதா?

நொய்யல்கரை (திருப்பூர்)
வரும் மாசியில் குடும்பத்தோடு இலங்கையைச் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். காங்கேயம், கரூர், திருச்சி வழியாக நாகைக்குப் போய், காங்கேசன்துறைக் கப்பலில் காரையும் ஏற்றிக்கொண்டால், யாழ்ப்பாணத்தில் தொடங்கி ஆனையிறவு, வவுனியா, கண்டி என்று நுவரெலியா வரை நம் வண்டியிலேயே போய்வரலாம் அல்லவா? அங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பழகியவனுக்கு நுவரெலியா மலைப்பாதை புதிதாக இருக்காது. முழங்கால் வலியுள்ள அம்மாவை ஊருக்கு ஊர் வண்டி மாற்றி ஏற்றி இறக்குவதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

சிறுவாணிக்காரன் (கோவை)
அந்தக் கப்பலில் கார் ஏறாது, தம்பி. 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே மழைக்காலத்தை ஒட்டி நின்று, 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலோடு மீண்டும் வந்த அந்தச் சேவை பயணிகளுக்கு மட்டுமானது. கையில் கொண்டுபோகும் பெட்டிக்கே எடைக் கணக்கு உண்டு. காரை நாகையில் நிறுத்திவிட்டுக் கப்பலேறுங்கள். யாழ்ப்பாணத்தில் ஓட்டுநரோடு வேன் பிடித்துக்கொண்டால் அதே வேனில் கண்டி வரை போகலாம். அம்மாவும் வண்டி மாற வேண்டியதில்லை.

நொய்யல்கரை
குஜராத்தில் கோகாவுக்கும் ஹசிராவுக்கும் இடையே 2020 நவம்பர் முதல் காரும் லாரியும் கப்பலேறுகின்றன, 370 கி.மீ. சாலைத் தொலைவு அதனால் 90 கி.மீ. கடல்வழியாகச் சுருங்கியது. நம் கரையில் மட்டும் அது ஏன் முடியாது? 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை ரயிலில் வந்து இறங்கியவர்கள் அங்கேயே கப்பலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அறுபது ஆண்டுகள் கழித்தும் ஒரு காரை அக்கரைக்குக் கொண்டுபோக வழியில்லை என்றால் அதைக் கேட்காமல் இருப்பது சரியா?

சிறுவாணிக்காரன்
கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே கோகாவிலிருந்து தஹேஜுக்கு 2017-இல் தொடங்கிய சேவை வண்டல் படிந்து ஆழம் போதாமல் நின்றுபோன பிறகுதான் ஹசிரா வந்தது. பாக் நீரிணையும் ஆழம் குறைந்த கடல்தான். கார் தானே ஓடி உள்ளே போகும் ரோரோ கப்பலுக்கு இரு கரையிலும் சாய்தளமும் ஆழமும் வேண்டும். மேலும் குஜராத் கதை ஒரே நாட்டுக்குள் நடப்பது. அங்கே சுங்க அதிகாரி குறுக்கே நிற்பதில்லை.

ரிக்வண்டி (திருச்செங்கோடு)
எங்கள் ஊர் போர்வெல் ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை கப்பலேறுகின்றன. எனவே பயணிகள் கப்பலில் இடமில்லை என்பதற்காக வழியே இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கன்டெய்னரில் காரை அனுப்பலாம். தொட்டியில் பெட்ரோலைப் பெயருக்கு மட்டும் விட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, பட்டையால் இழுத்துக் கட்டுவார்கள். அதற்கு முன் மும்பையிலுள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கத்திடம் கார்னே, அதாவது வரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்ப உதவும் சுங்க ஆவணப் புத்தகம், வாங்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு: உள்ளே போகும்போது ஒன்றையும் வெளியே வரும்போது ஒன்றையும் சுங்கத்தார் கிழித்துக்கொள்வார்கள், முத்திரையிட்ட அடிக்கட்டை நம்மிடம் இருக்கும். வெளியேறிய முத்திரை இல்லாவிட்டால் காரை அங்கேயே விற்றதாகக் கருதி முழு வரியையும் கேட்பார்கள். அதற்காகத்தான் கார்னே கொடுக்கும் சங்கத்தார் முன்பணமோ வங்கி உத்தரவாதமோ வாங்கிக்கொள்கிறார்கள். 2020 முதல் வாகன இறக்குமதியையே நிறுத்திவைத்து, தனியார் கார்களுக்கு 2025-இல்தான் கதவைத் திறந்த நாடு அது. அங்கே இந்தக் கண்டிப்பு இருப்பதில் வியப்பில்லை.

பவானிக்கரை (ஈரோடு)
காப்பீட்டுத் துறையில் இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அண்ணா. நம் வாகனப் பாலிசி இந்திய எல்லையோடு முடிந்துவிடும். கூடுதல் பிரீமியம் கட்டி இலங்கைக்கும் நீட்டிக்கொள்ளலாம். நேபாளம், பூடானுக்கும் இதே ஏற்பாடுதான். ஆனால் அந்த நீட்டிப்புப் பத்தியின் கடைசி வரியை யாரும் படிப்பதில்லை: வண்டி கடலில் போகும்போது ஏற்படும் சேதம் அதில் சேராது. கரைக்குக் கரை மரைன் பாலிசி தனியாக எடுக்க வேண்டும். கார் கடனில் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் தேவைப்படும். தவணை பாக்கியுள்ள வண்டியை நாடு கடத்த எந்த மேலாளரும் எளிதில் கையெழுத்திட மாட்டார்.

நொய்யல்கரை
கடன் முடிந்துவிட்டது, அம்மணி. முன்பணமும் திரும்பி வரும் பணம்தான். ஒரு மாதம் தங்குகிறவனுக்கு இத்தனை அலைச்சலும் தகும் என்றே நினைக்கிறேன்.

சிறுவாணிக்காரன்
திரும்பி வரும் பணத்தை விடுங்கள், திரும்பி வராத நாட்களை எண்ணுங்கள். கார் கொழும்பில் இறங்கும். நீங்கள் காங்கேசன்துறையில் இறங்குவீர்கள். நடுவில் கிட்டத்தட்ட ஒரு தீவின் நீளம் கிடக்கிறது. சுங்கம் விடுவிக்கும் வரை கொழும்பில் அறை எடுத்துக் காத்திருக்க வேண்டும். இங்கே ஆர்டிஓ கொடுக்கும் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் மட்டும் அங்கே போதாது, அவர்களுடைய ஏற்பும் பெற வேண்டும். இத்தனைக்கும் பிறகு முழங்கால் வலியோடு அறையில் உட்கார்ந்திருப்பது அம்மாதான்.

ரிக்வண்டி
அண்ணன் மிகைப்படுத்துகிறார். காரை முன்னதாக அனுப்பிவிட்டு, முகவர் வண்டியை விடுவித்த பிறகு திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறினால் யாரும் அறையில் காத்திருக்க வேண்டியதில்லை. உரிம வேலையும் அதே ஊரில் முடிந்துவிடும்.

சிறுவாணிக்காரன்
அப்படியானால் கப்பல் பயணமே போய்விட்டதே! தம்பி தொடங்கியதே கடலைக் காரோடு தாண்டத்தான்.

நொய்யல்கரை
அம்மாவிடம் கேட்டேன். கப்பலில் போக வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறார். கார் எதில் வந்தாலும் அவருக்குக் கவலையில்லையாம். வங்கி உத்தரவாதத்துக்கு எவ்வளவு ஈடு கேட்கிறார்கள் என்று திங்களன்று கிளையில் விசாரிக்கிறேன். அதற்குள் யாழ்ப்பாணத்தில் படி தாழ்ந்த வேன் வைத்திருப்பவர் யாரையேனும் தெரிந்தால், அண்ணா, அதையும் சொல்லிவையுங்கள்.