'மேக் டிஸ்ட்' உருவாக்கும் பொதியில் ஹெடர் கோப்பு விடுபடுகிறது: களஞ்சியத்தையே சுருக்கிக் கொடுத்துவிடலாமா?

புதிய_நிரலர்:

அனைவருக்கும் வணக்கம். சி மொழியில் எழுதிய ஒரு சிறிய கட்டளைவரி நிரலுக்கு, 'கன்ஃபிகர்' ஸ்கிரிப்டையும் கட்டுமான விதிகளையும் உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக் ஆகிய கருவிகளைக் கொண்டு கட்டமைப்பு அமைத்திருக்கிறேன். அதன் 0.3 பதிப்பைப் பிறருக்கு வழங்குவதற்காக 'மேக் டிஸ்ட்' கட்டளையை இயக்கினேன். நிரலின் பெயரும் பதிப்பு எண்ணும் தாங்கிய ஒரு டார் கோப்பு (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி), ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் உருவாயிற்று. ஆனால் அதைப் பெற்றுப் பிரித்த நண்பரின் கணினியில், கட்டுமானத்துக்குக் கணினியைச் சோதித்து ஆயத்தம் செய்யும் 'கன்ஃபிகர்' ஒழுங்காக முடிந்தபின், நிரலைக் கட்டும் 'மேக்' தொடங்கிய சில நொடிகளிலேயே, என் நிரலின் ஹெடர் கோப்பு (சி கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புகள் உள்ள கோப்பு) ஒன்றைக் காணவில்லை என்று கம்பைலர் நின்றுவிடுகிறது. பொதியைத் திறந்து பார்த்தேன். அந்த ஹெடர் மட்டுமன்று, சோதனைகளுக்கு வேண்டிய மாதிரித் தரவுகள் உள்ள அடைவும், நிரலோடு சேர்த்து நிறுவப்பட வேண்டிய ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றும் அதில் இல்லை.

எனக்குப் புரியாதது இதுதான். ஹெடர் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால், அதைச் சார்ந்த சி கோப்புகளை மட்டும் 'மேக்' சரியாகத் தேர்ந்து மறுபடி கம்பைல் செய்கிறது. அப்படியானால் எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்பது கருவிக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்திருந்தும் பொதியில் ஏன் சேர்க்கவில்லை? இந்தச் சிக்கலே வேண்டாம் என்று, நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தை 'கிட் ஆர்க்கைவ்' கட்டளையால் அப்படியே சுருக்கிக் கொடுத்துவிட்டால் எதுவும் விடுபடாது அல்லவா?

முனையவாசி:

கருவிக்குத் தெரியும் என்று நீங்கள் சொல்வது பாதி உண்மை. சார்புத் தகவலைத் தருவது கம்பைலர். ஒவ்வொரு சி கோப்பையும் கம்பைல் செய்யும்போது எந்தெந்த ஹெடர்களைத் திறந்தது என்ற பட்டியலை அது ஒரு மறைவு அடைவில் எழுதி வைக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் ஹெடரும் இருக்கும், கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ள நூலகங்களின் ஹெடர்களும் இருக்கும், கட்டும்போதே உருவாக்கப்பட்டவையும் இருக்கும். இவற்றுள் எது உங்களுடையது, எது பிறருடையது என்று அதிலிருந்து பிரித்தறிய வழியில்லை. ஆகவே 'மேக் டிஸ்ட்' அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆட்டோமேக் படிக்கும் 'மேக்ஃபைல்.ஏஎம்' கோப்பில் நீங்கள் கைப்பட எழுதியவற்றையும், 'கன்ஃபிகர்', 'ரீட்மீ', 'காப்பியிங்' போன்று தானாகச் சேர்க்க வேண்டும் என்று அதற்கு முன்பே தெரிந்த சிலவற்றையும் மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது.

உங்கள் நிரலுக்குரிய 'சோர்சஸ்' மாறியில் சி கோப்புகளை மட்டும் எழுதியிருப்பீர்கள் என்று கருதுகிறேன். ஹெடர்களையும் அதே வரிசையில் சேர்த்துவிடுங்கள். ஹெடரை எழுதினால் அதையும் தனியாகக் கம்பைல் செய்யத் தொடங்கிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். அந்தப் பெயரைப் பொதி கட்டுவதற்கு மட்டுமே ஆட்டோமேக் பயன்படுத்திக்கொள்ளும்.

ஷெல் ஸ்கிரிப்ட் விடுபட்டதற்குக் காரணம் வேறு. 'ஸ்கிரிப்ட்ஸ்', 'டேட்டா', 'மேன்ஸ்' என்ற வகைகளில் பட்டியலிடப்படும் கோப்புகள் நிறுவப்படும். ஆனால் இயல்பாகப் பொதியில் சேர்க்கப்படா. அவை பெரும்பாலும் கட்டும்போது உருவாக்கப்படுபவை என்ற எண்ணத்தில் கருவியை வடிவமைத்தவர்கள் அவ்வாறு முடிவு செய்துவிட்டார்கள். கையால் எழுதிய ஸ்கிரிப்டாக இருந்தால் மாறியின் பெயருக்கு முன் 'டிஸ்ட்_' என்ற முன்னொட்டைச் சேர்க்க வேண்டும். எந்த வகைக்கு இயல்பு என்ன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள நானும் முயன்றதுண்டு, பயனில்லை. இப்போதெல்லாம் 'டிஸ்ட்_' அல்லது 'நோடிஸ்ட்_' என்று இரண்டில் ஒன்றை வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன்.

மாதிரித் தரவுகளை 'எக்ஸ்ட்ரா_டிஸ்ட்' மாறியில் எழுதுங்கள். அங்கே அடைவின் பெயரை மட்டும் எழுதினாலும் வேலை நடக்கும். ஆனால் அதற்குள் இருப்பவை அனைத்தும், உங்கள் எடிட்டர் விட்டுச்சென்ற தற்காலிகக் கோப்புகள் உட்பட, கேள்வி கேட்காமல் பொதிக்குள் போய்விடும். சலிப்பாக இருந்தாலும் கோப்புப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுவதே நல்லது.

பொதிகட்டுநர்:

மேலே முனையவாசி கூறியதோடு எனக்கு உடன்பாடே. எனினும் முதலில் இயக்கியிருக்க வேண்டியது 'மேக் டிஸ்ட்' அன்று, 'மேக் டிஸ்ட்செக்' என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். பெயரில் ஒரு சொல்தான் கூடுதல்; செய்யும் வேலையோ வேறு.

அது முதலில் பொதியைக் கட்டுகிறது. பிறகு, பொதியை அப்போதுதான் பெற்றுக்கொண்ட ஒருவரின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு, அதை ஒரு புதிய அடைவில் பிரிக்கிறது. பிரித்த மூலநிரல் முழுவதிலும் எழுதும் உரிமையை நீக்கிவிடுகிறது. வேறோர் அடைவிலிருந்து 'கன்ஃபிகர்' இயக்கி, கம்பைல் செய்து, சோதனைகளை ஓட்டி, ஒரு தற்காலிக இடத்தில் நிறுவி, நிறுவியதை நீக்கி, நீக்கியபின் ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்கிறது. அதோடு நில்லாமல், பிரித்த அந்தப் பிரதியிலிருந்தே மீண்டும் ஒரு பொதியைக் கட்ட முடிகிறதா என்று சோதித்து, கட்டும்போது உருவானவற்றை அழிக்கும் 'டிஸ்ட்க்ளீன்' கொடுத்த பின் கட்டுமான அடைவு காலியாகிறதா என்பதையும் உறுதி செய்கிறது. உங்கள் ஹெடர் விடுபட்டதை நண்பருக்கு முன்பாகவே இது கண்டுபிடித்துச் சொல்லியிருக்கும். உங்கள் அடைவில் பல மாதங்களாக எல்லாம் சரியாக நடந்ததற்குக் காரணம், தேவையான கோப்பு பட்டியலில் இல்லாவிட்டாலும் வட்டில் இருந்தது என்பது மட்டுமே.

'கிட் ஆர்க்கைவ்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். களஞ்சியத்தில் உள்ளதைத்தான் அது தரும். களஞ்சியத்தில் 'கன்ஃபிகர்' ஸ்கிரிப்டை நீங்கள் வைத்திருக்கமாட்டீர்கள். வைக்கவும் கூடாது என்பது என் கருத்து. ஆட்டோமேக் கட்டும் பொதியின் அடிப்படை வாக்குறுதியே, அதைப் பெறுபவருக்கு ஷெல், 'மேக்', சி கம்பைலர் ஆகியவை போதும், ஆட்டோகான்ஃபும் ஆட்டோமேக்கும் வேண்டியதில்லை என்பதுதான். களஞ்சியத்தின் பிரதியைக் கொடுத்தால் அவ்விரண்டையும், அதுவும் பொருத்தமான பதிப்புகளில், பெறுபவர் தேடி நிறுவ வேண்டியிருக்கும். உருவாக்கப்பட்ட கோப்புகளையும் களஞ்சியத்திலேயே சேர்த்துவிடலாம் என்று சிலர் முயல்வார்கள். கிட் கோப்புகளின் திருத்த நேரத்தைப் பாதுகாப்பதில்லை என்பதால், எது பழையது எது புதியது என்று 'மேக்' குழம்பி, தேவையே இல்லாமல் ஆட்டோமேக்கின் 'ஏசிலோக்கல்' போன்ற கருவிகளைக் கேட்டு நிற்பதை அப்போது பார்ப்பீர்கள். துணைக்களஞ்சியங்கள் இருந்தால் அவற்றின் உள்ளடக்கமும் 'கிட் ஆர்க்கைவ்' பொதியில் வராது.

புதிய_நிரலர்:

இருவருக்கும் நன்றி. பட்டியல்களைத் திருத்தியபின் 'மேக் டிஸ்ட்செக்' இயக்கினேன். முதல் முறை, சோதனை நிரல் மாதிரித் தரவைத் திறக்க முடியாமல் தோற்றது. தரவு இப்போது பொதிக்குள் இருந்தும் தோற்றது. கட்டுமானம் வேறோர் அடைவில் நடப்பதால், நடப்பு அடைவில் தரவு இராது என்பது சற்று நேரம் கழித்தே உறைத்தது. சோதனைகளை ஓட்டும்போது ஆட்டோமேக் தானாக அமைத்துத் தரும், மூலநிரல் அடைவைக் காட்டும் 'எஸ்ஆர்சிடிர்' சூழல் மாறியின் வழியே கோப்பின் பாதையை அமைத்தேன். அந்தப் பிழை நீங்கியது. அடுத்து, 'டிஸ்ட்க்ளீன்' செய்தபின் கட்டுமான அடைவில் கோப்புகள் எஞ்சியுள்ளன என்று நின்றது. ஒரு சோதனை எழுதிய வெளியீட்டுக் கோப்பு அது. 'க்ளீன்ஃபைல்ஸ்' மாறியில் அதன் பெயரைச் சேர்த்தேன். இறுதியில், பொதி வழங்குவதற்கு ஆயத்தம் என்ற அறிவிப்பு வந்தது.

அந்தப் பொதியை நண்பருக்கு அனுப்பினேன். நிரல் கம்பைல் ஆகிவிட்டது. ஆனால் அவரும் 'மேக் டிஸ்ட்செக்' இயக்கிப் பார்த்திருக்கிறார். அங்கே இரண்டாவது சோதனை 'அனுமதி இல்லை' என்று தோற்கிறது. ஒரே பொதி, ஒரே ஆட்டோமேக் பதிப்பு. வேறுபாடு என்னவென்றால், நான் கன்டெய்னருக்குள் (கணினிக்குள் தனிமைப்படுத்திய சூழலில்) கட்டுகிறேன், அவர் நேரடியாகத் தம் கணினியில் கட்டுகிறார்.

முனையவாசி:

கன்டெய்னருக்குள் நீங்கள் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக இருப்பீர்கள். மூலநிரல் அடைவில் எழுதும் உரிமையை 'டிஸ்ட்செக்' நீக்கினாலும் ரூட்டை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. உங்கள் இரண்டாவது சோதனை, 'எஸ்ஆர்சிடிர்' பாதையைப் படிப்பதற்கு மட்டுமின்றி எழுதுவதற்கும் பயன்படுத்துகிறது என்று ஊகிக்கிறேன். உங்களிடம் அது தடையின்றி எழுதிவிட்டுப் போகிறது, நண்பரிடம் பிடிபடுகிறது. சோதனைகள் எழுதும் எதுவும் கட்டுமான அடைவில்தான் விழ வேண்டும். அதைத் திருத்துவதோடு, கன்டெய்னரில் ஒரு சாதாரணப் பயனரை உருவாக்கி, அவர் பெயரில் 'டிஸ்ட்செக்' இயக்குங்கள். தானியங்கிக் கட்டுமானத் தளங்கள் பலவற்றில் ரூட்டாக இயங்குவதே இயல்பு என்பதால், இந்த ஓட்டை பலருக்கும் தெரியாமலே இருக்கிறது.

இதை ஒட்டி ஒரு பழைய செய்தி. 'டிஸ்ட்செக்' தான் பிரிக்கும் அடைவை எல்லோரும் எழுதக்கூடியதாகச் சிறிது நேரம் திறந்துவிடும் ஒரு பாதுகாப்புக் குறை ஆட்டோமேக்கிலேயே இருந்தது, 2012இல் 1.11.6, 1.12.2 ஆகிய பதிப்புகளில் அதைச் சரிசெய்தார்கள். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் அதற்கும் முந்தைய பதிப்பை யாரேனும் இன்னும் வைத்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

வேறு_பாதை:

பொதிகட்டுநரின் கருத்திலிருந்து ஒரு புள்ளியில் மாறுபடுகிறேன். களஞ்சியத்தில் இல்லாத கோப்புகள் பொதியில் இருப்பது வசதி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் கள்ளத்தனமாக வைக்கப்பட்ட பின்கதவு அந்த இடைவெளியில்தான் ஒளிந்திருந்தது. 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளின் வெளியீட்டுப் பொதிகளில், களஞ்சியத்தில் இல்லாத மாற்றங்களோடு, 'கன்ஃபிகர்' ஸ்கிரிப்டை உருவாக்கப் பயன்படும் ஓர் எம்4 மேக்ரோ கோப்பு இருந்தது. சோதனைத் தரவு என்ற பெயரில் வைக்கப்பட்டிருந்த கோப்புகளிலிருந்து தீய நிரலைப் பிரித்தெடுத்துக் கட்டுமானத்துக்குள் நுழைக்கும் வேலையை அந்த மேக்ரோ தொடங்கி வைத்தது. களஞ்சியத்தை மட்டும் வரிக்கு வரி வாசித்தவருக்கு அந்தத் தொடக்கம் கண்ணில் பட்டிருக்காது. பல்லாயிரம் வரிகள் கொண்ட 'கன்ஃபிகர்' ஸ்கிரிப்டைப் பொதியில் திறந்து வாசிப்பவர் யார்?

மெசான் என்ற மாற்றுக் கட்டுமானக் கருவியின் 'மெசான் டிஸ்ட்' கட்டளை, பதிப்புக் கட்டுப்பாட்டில் பதிவு செய்யப்பட்டவற்றை மட்டுமே அடிப்படையாக எடுத்துக்கொண்டு, பொதியைப் பிரித்து, கட்டி, சோதனைகளையும் ஓட்டிப் பார்க்கிறது. கையால் பட்டியல் எழுதும் தொல்லையும் இல்லை. மறதிக்கு அங்கே இடமுண்டு என்றால் அது கோப்பைக் கிட்டில் பதிவு செய்ய மறப்பதுதான். புதிதாகத் தொடங்குபவர் அதையும் எண்ணிப் பார்க்கலாம்.

பொதிகட்டுநர்:

எக்ஸ்இசட் பற்றிச் சொன்னது சரியே. அதை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அதிலிருந்து பொதியே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் போகமாட்டேன். அந்தப் பொதியைப் பிறரும் அதே களஞ்சியக் குறியிலிருந்து (அந்தப் பதிப்பைச் சுட்டும் டேக்) மறுபடி கட்டி ஒப்பிட முடிய வேண்டும் என்பதே எனக்குத் தோன்றும் வழி. அதற்குத் தடையாக இருப்பவை சிறு விஷயங்கள்: கோப்புகளின் நேரம், உரிமையாளர் பெயர், அவை அடுக்கப்படும் வரிசை. குனூ டார் 'டார்_ஆப்ஷன்ஸ்' என்ற சூழல் மாறியைப் படிக்கும் என்பதால், பெயர்வாரியாக அடுக்கவும், உரிமையாளர் எண்ணைப் பூஜ்ஜியமாக்கவும், எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே நேரத்தைக் கொடுக்கவும் அதன் வழியே சொல்லிவிடலாம், 'மேக்ஃபைல்.ஏஎம்' கோப்பைத் தொடவே தேவையில்லை. பொதி கட்டப் பயன்படுத்திய ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக் பதிப்புகளையும் வெளியீட்டுக் குறிப்பில் எழுதிவிட்டால், ஒப்பிட விரும்புபவர் ஊகிக்க வேண்டியிராது.

பல விநியோகங்களின் பொதிகட்டுநர்கள், வந்த பொதியில் உள்ள 'கன்ஃபிகர்' ஸ்கிரிப்டை நம்பாமல் 'ஆட்டோரீகான்ஃப்' இயக்கித் தாமே மறுபடி உருவாக்கிக்கொள்கிறார்கள். எக்ஸ்இசட் விவகாரத்தில் தீய மேக்ரோவே பொதிக்குள் இருந்ததால், அது மட்டும் அங்கே காப்பாற்றியிருக்காது.

புதிய_நிரலர்:

முனையவாசியின் ஊகம் சரி. இரண்டாவது சோதனை தன் வெளியீட்டை 'எஸ்ஆர்சிடிர்' அடைவுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தது. ஒரு வரியை மாற்றினேன். கன்டெய்னரில் சாதாரணப் பயனராக, முதலில் பழைய நிலையில் இயக்கி அதே 'அனுமதி இல்லை' பிழை வருவதை உறுதி செய்துகொண்டு, பின்னர் திருத்திய நிலையில் இயக்கினேன். இப்போது இரு கணினிகளிலும் 'டிஸ்ட்செக்' முழுமையாக முடிகிறது.

'டார்_ஆப்ஷன்ஸ்' வழியையும் முயன்றேன். என் பொதியும் நண்பர் அதே குறியிலிருந்து கட்டிய பொதியும் முதலில் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் பிரித்து ஒப்பிட்டதில், அவருடைய ஆட்டோகான்ஃப் பதிப்பு வேறு என்பதால் 'கன்ஃபிகர்' மட்டும் மாறியிருந்தது தெரிந்தது. அவரும் என் கன்டெய்னர் அமைப்பையே எடுத்துக் கட்டியபின், சுருக்கத்தை விரித்தால் உள்ளிருக்கும் டார் கோப்பு பைட்டுக்குப் பைட் ஒன்றாக வந்தது. ஏற்கெனவே வழங்கிய 0.3 பொதியை அதே எண்ணில் மாற்றி வைக்காமல், இதை 0.3.1 என்று வெளியிடுகிறேன். மெசானை அடுத்த நிரலுக்குப் பார்க்கிறேன்.