அப்பாவுக்கு ஈஈஜி எடுத்த அனுபவம்

பாம்பனிலிருந்து:

அப்பாவுக்கு 73 வயது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்த புயல் இரவில் யார் வீட்டில் ஒதுங்கினார்கள், மறுநாள் யார் கஞ்சி ஊற்றினார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார். அதே மனுஷர் போன வருஷம் தானே போட்ட நண்டு வலையைத் தேடி இரண்டு மணி நேரம் கடலில் சுற்றியிருக்கிறார். கலங்கரை விளக்கத்தையும் பாலத்தையும் கண்ணால் கூட்டிப் பார்த்தே வலை கிடக்கும் இடத்தைச் சொல்லக்கூடியவர். கூடப் போன சித்தப்பா கரைக்கு வந்ததும், "அண்ணனுக்கு என்னமோ சரியில்லப்பா, காத்து மேல பழி போட்டு விட்றாதீக" என்றார்.

முதலில் காட்டிய டாக்டர், வயசானால் மறதி வரத்தான் செய்யும் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எட்டு மாதம் போனது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பிறகு மதுரையில் நரம்பியல் டாக்டர். 30 மார்க்குக்கு ஞாபகப் பரிசோதனை வைத்தார்கள். கடிகாரம் வரையணும், பெட்டிப் படம் வரையணும், 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கணும். அப்பா இரண்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். பேனாவை வலை ஊசி மாதிரிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். மார்க் குறைந்தது மறதியாலா, பள்ளிக்கூடம் போகாததாலா என்று பிரிக்க முடியவில்லை. அதனால்தான் மூளையில் ஓடும் மின் அலையைப் பதிவுசெய்யும் ஈஈஜியும் எடுக்கச் சொன்னார்கள்.

தலையில் எண்ணெய் கூடாது. அம்மா பழக்கத்தில் தடவிவிட்டதால் அங்கேயே ஷாம்பு போட்டு அலசினோம். டேப்பால் தலையை அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் பஞ்சால் தேய்த்து, வெள்ளைப் பசையில் இருபது வயருக்கு மேல் ஒட்டினார்கள். "கரண்டு எதுவும் உள்ள போகாதுய்யா, உங்க மூளையில ஓடுறதத்தான் மிஷின் எழுதிக்கிது" என்று வயர் ஒட்டிய பெண் சொன்ன பிறகுதான் அப்பா என் கையை விட்டார். கண்ணை மூடச் சொல்லி, திறக்கச் சொல்லி அரை மணி நேரம். அவர் கண்ணயர்ந்தபோதெல்லாம் தட்டி எழுப்பினார்கள். தூக்கக் கலக்கத்திலும் அலை மெதுவாகுமாம், அதை நோய் என்று தப்பாகப் படித்துவிடக் கூடாதாம்.

கண்ணை மூடி விழித்திருக்கும்போது தலையின் பின்பக்கம் ஆல்பா அலை நொடிக்கு 8 முதல் 13 வரை ஓட வேண்டும். அப்பாவுக்கு 7-ஐ ஒட்டி மெதுவாகத்தான் இருந்தது. நொடிக்கு 4 முதல் 8 வரை ஓடும் மெதுவான தீட்டா அலையும் கூடுதல். "இத மட்டும் வச்சு அல்சைமர்ங்கிற மறதி நோய்னு சொல்ல மாட்டேன்" என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். மறதிக்கு வேறு காரணமாகக்கூடிய தைராய்டு, பி12 வைட்டமின் இரண்டும் சரியாக இருந்தன. எம்ஆர்ஐயும் பார்த்துவிட்டு, மறதி நோய்க்கு முந்தைய லேசான நிலை என்றார். இப்போது பிரஷர், சர்க்கரை கட்டுக்குள். தனியாகக் கடலுக்கு விடுவதில்லை. கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார், கை தடுமாறுவதில்லை.

கீழக்கரையிலிருந்து:

எங்க உம்மா அரபு எழுத்தில் எழுதிய தமிழை, அதாவது அரபுத் தமிழை, சரளமாக வாசிப்பாங்க, தமிழ் எழுத்து தெரியாது. படிவத்தில் 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று போட்டுவிட்டார்கள். மனசு ரொம்ப வேதனைப்பட்டது. ஒரே பக்கத்தை மூன்று தடவை ஓதியதைப் பார்த்துத்தான் கூட்டிப் போனோம். ஈஈஜி நார்மல். நிம்மதியாக இருந்துவிட்டோம். ஒன்றரை வருஷத்தில் பேத்தி பெயர் மறந்து போச்சு. ஆரம்பத்தில் அலை சரியாகவே இருக்கலாம், பிறகு திரும்ப எடுத்து அவங்களுடைய பழைய பதிவோடேயே ஒப்பிடணும் என்று எங்களுக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தார் ஃபாஸ்ட்பால் என்று ஒரு முறையை ஆராய்ந்துவருகிறார்கள். வேகமாக ஓடும் படங்களைச் சும்மா 3 நிமிடம் பார்த்தால் போதும், முன்பு பார்த்த படத்தை மூளை அடையாளம் கண்டதா என்று அலையே காட்டும். எழுத்தும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். உம்மா மாதிரி ஆட்களுக்கு அதுதான் வேணும்.

தங்கச்சிமடத்திலிருந்து:

மாமனார் திடீரென்று ஒரு பக்கமாக வெறித்துப் பார்ப்பார், வாய் மட்டும் மெல்லும். கேட்டால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. மறதி நோய் என்றே முடிவுகட்டியிருந்தோம். முதல் ஈஈஜியில் எதுவும் இல்லை. போனில் எடுத்த வீடியோவைப் பார்த்த டாக்டர், ராத்திரி தூங்கவிடாமல் கூட்டி வந்து மறுபடி எடுக்கச் சொன்னார். அதில் வலிப்பு அலை தெரிந்தது. கை கால் இழுக்காத வலிப்பும் உண்டாம். மாத்திரைக்குப் பிறகு நாள், கிழமை சரியாகச் சொல்கிறார்.

மறுபடி பாம்பனிலிருந்து:

கீழக்கரை அக்கா, உங்க பதிவைப் படித்துவிட்டு மதுரைக்குப் போன் போட்டு அப்பாவின் பழைய ஈஈஜி பதிவின் நகலைக் கேட்டிருக்கிறேன். தை பிறந்ததும் அடுத்ததை எடுக்கிறோம். எண்ணெய்ப் பாட்டிலை அம்மாவிடமிருந்து முதல் நாளே வாங்கி வைத்துவிடுவேன்.